ஓப்பன்எஸ்எஸ்எச் சாவிக் கருவிகள்: பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சேவையகம் ஒன்றில், கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பைக் கொண்டு நுழையும் முறையை, தொலைவிலுள்ள கணினியுடன் பாதுகாப்பாக இணைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் கருவிகளால் அமைத்துப் பயன்படுத்தி வருகிறேன். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தினர் 1999 முதல் இலவசமாக வழங்கிவரும் இந்த மென்பொருளில் எனக்கு முழு நிறைவளித்தது எஸ்எஸ்எச்-கீஜென். ஒரே கட்டளையில், நம்மிடமே இருக்க வேண்டிய தனிச்சாவியும் சேவையகத்தில் வைக்க வேண்டிய பொதுச்சாவியும் உருவாகின்றன. 2023 அக்டோபரில் வந்த 9.5 பதிப்பு முதல், வகையைக் குறிப்பிடாவிட்டாலும் எட்25519 என்ற வகைச் சாவியே கிடைக்கிறது. ஆர்எஸ்ஏ என்ற பழைய வகைப் பொதுச்சாவி திரையில் பல வரிகளுக்கு மடங்கி நீளும்; இது சிறியதாக இருப்பதால் நகலெடுக்கும்போது எழுத்து விடுபட்டதா என்பதைக் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். தனிச்சாவிக் கோப்பைப் பூட்டும் கடவுத்தொடரைக் கேட்கும் இடத்தை வெறுமையாக விட வேண்டாம். மடிக்கணினி களவுபோனால் தனிச்சாவிக்குக் காவலாக நிற்பது அதுதான். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யும் சிரமத்தை, திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் தீர்த்துவிடுகிறது.

பொதுச்சாவியைச் சேவையகத்தில் சேர்க்கும் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி லினக்ஸில் நன்றாகவே வேலை செய்கிறது. விண்டோஸுடன் வரும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் அது இல்லை. அதனால் பொதுச்சாவியைக் கையால் ஒட்டிய பிறகும் கடவுச்சொல்லே கேட்கப்பட்டதால், ஒரு மாலைப் பொழுது முழுவதும் சாவியில்தான் பிழை என்று எண்ணித் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் சேவையகத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் (லாக்) இருந்தது: என் முகப்புக் கோப்புறையில் குழுவினரும் எழுதலாம் என்று நான் முன்பு அனுமதி தந்திருந்ததால், கோப்புறை உரிமைகளைச் சோதிக்கும் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் விதிப்படி சாவி புறக்கணிக்கப்பட்டிருந்தது. அந்த அனுமதியை நீக்கி, டாட் எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, உள்ளிருக்கும் சாவிப் பட்டியலுக்கு 600 என்று, உரிமையாளர் மட்டுமே அணுகும்படி உரிமைகளை மாற்றியதும் கதவு திறந்தது. நுழைய முயல்பவருக்கு மறுப்பின் காரணத்தைச் சொல்லாதிருப்பது பாதுகாப்புக்கு உகந்ததே என்றாலும், புதிதாக அமைப்பவர் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதை எப்படி அறிவார்? இதையே இக்கருவிகளின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

கடவுச்சொல் வழியை அடைக்கும்போதும் கவனம் தேவை. அமைப்புக் கோப்பில் ஒரே விருப்பம் இருமுறை வந்தால் முதலில் படிக்கப்படும் மதிப்பே நிலைக்கும் என்பதால், முன்னதாகப் படிக்கப்படும் துணைக் கோப்பு ஒன்றில் கடவுச்சொல் அனுமதிக்கு ஏற்கெனவே 'யெஸ்' என்றிருந்தால் நாம் கீழே எழுதும் 'நோ' பயனற்றுப் போகும். சேவையகப் பக்க நிரலான எஸ்எஸ்எச்டி கட்டளையுடன் பெரிய 'டி' (-T) விருப்பத்தைச் சேர்த்து இயக்கினால், உண்மையில் நடைமுறையில் உள்ள மதிப்பு தெரிந்துவிடும். மாற்றத்தைச் செயல்படுத்திய பின், வேறொரு முனையச் சாளரத்திலிருந்து சாவியால் நுழைந்து பார்க்கும் வரை பழைய இணைப்பை மூட வேண்டாம்.