2012-இல் வாங்கிய கடைக் கம்ப்யூட்டர்: விண்டோஸ் 7-லிருந்து லினக்ஸ் மின்ட் வரை

பாலக்கோட்டில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பட்டா சிட்டா, இவைதான் பிழைப்பு. கடையில் இருக்கும் டெஸ்க்டாப் 2012-இல் வாங்கியது. ஐ3-2120 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அதே பெட்டிதான் இன்றும் ஓடுகிறது, உள்ளே இருப்பதுதான் ஒவ்வொன்றாக மாறிவிட்டது. பழைய மெஷினில் ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி மெஷினை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) மாற்றலாமா என்று கடைக்கு வருகிறவர்களே அடிக்கடி கேட்பதால் பட்டதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

விண்டோஸ் 7-க்கு சப்போர்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. இலவசமாக 10-க்கு மாறும் சலுகை 2016 ஜூலையிலேயே முடிந்ததாக அறிவித்திருந்தாலும், ஒரிஜினல் லைசன்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின்களில் அது பல வருஷம் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நானும் அப்படித்தான் மாறினேன். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அப்கிரேடு ஓடவிட்டேன், பாதிக்கு மேல் போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இரண்டு நிமிஷம் கத்திவிட்டு அடங்கிப்போனது. ஏழெட்டு வருஷ ஃபைல் அத்தனையும் அதில்தான் இருந்தது, பேக்கப் எடுக்கவில்லை (திட்டாதீர்கள்). கரண்ட் வந்ததும் ஆன் செய்தால், பழைய விண்டோஸையே திரும்பக் கொண்டுவருவதாக ஒரு திரை. அரை மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஃபைலும் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வண்டியில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், இன்வெர்ட்டரில் மாட்டித்தான் மறுபடி செய்தேன், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் காப்பியும் எடுத்துக்கொண்டேன்.

மாறியாகிவிட்டது, ஆனால் நிம்மதி போய்விட்டது. காலையில் ஆன் செய்து, எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் முழுசாக வந்திருக்காது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். கோயில் நோட்டீஸ் அடிக்க வரும் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், "ஏம்பா, இந்தப் பொட்டிக்கு இன்னும் உசுரு இருக்குதா?" என்பார். "இருக்குதுங்க சார், கொஞ்சம் உக்காருங்க" என்று சமாளிப்பேன். பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு வசதி உண்டு, ஒன்பதாவது நாள் வரைக்கும் யோசித்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

உண்மையில் ஒன்றரை வருஷம் தவறான ஆளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், குற்றவாளி விண்டோஸ் 10 இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க். 2021-இல் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாதிரி சுழலாத, வேகமான டிஸ்க்) வாங்கிப் போட்டேன். எங்கள் மதர்போர்டு எச்61 சிப்செட், அதில் சாட்டா (டிஸ்க்கை மாட்டும் இணைப்பு) வேகமே 3 ஜிகாபிட்தான், ஆகவே எஸ்எஸ்டி அதன் முழு வேகத்துக்கு ஓடாது. இருந்தாலும் மூன்று நிமிஷத்துக்கு மேல் எடுத்த மெஷின் அரை நிமிஷத்துக்குள் வந்து நின்றது. பழைய டெஸ்க்டாப் வைத்திருந்து, கையில் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஓஎஸ்ஸைத் தொடாதீர்கள், முதலில் எஸ்எஸ்டி போடுங்கள்.

அதே சூட்டோடு மச்சான் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் டிடிஆர்3 ரேம் வாங்கி வந்தான். 8 ஜிபி ஆக்கினோம். உள்ளே போய்ப் பார்த்தால் பயன்படுத்தக்கூடியது 3 ஜிபி சொச்சம் என்றே காட்டுகிறது! ரேம்தான் பழுது என்று நினைத்துக் கழற்றி மாட்டி, ரப்பரால் ரேமின் உலோகக் கால்களைத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க வீண். கடைசியில் பார்த்தால் 2012-இல் போட்டிருந்தது 32 பிட் விண்டோஸ் 7, அதன் மேல் அப்கிரேடு செய்ததால் 10-உம் 32 பிட்டாகவே வந்திருக்கிறது, அது 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது. 32-லிருந்து 64-க்கு அப்கிரேடில் போக முடியாது, சுத்தமாக அழித்துவிட்டுத்தான் போட வேண்டும். லைசன்ஸ் மதர்போர்டோடு பதிவாகியிருந்ததால் கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிட்டது. நீங்கள் ஓஎஸ் மாற்றுவதற்கு முன்னால் 32-ஆ 64-ஆ என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு நாள் மிச்சம்.

இன்னொன்று. ஒரு நாள் காலையில் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, எல்லாவற்றிலும் பாதுகாப்பு எச்சரிக்கை. அன்றைக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வேறு, கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். அப்டேட்தான் எதையோ கெடுத்துவிட்டது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூலையில் தேதியைப் பார்த்தால் 2012 ஜனவரி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தது. தேதி தப்பானால் சைட்டுகளின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், அவ்வளவுதான். வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்.

விண்டோஸ் 11? அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும், என்னுடையது 2-ஆம் தலைமுறை. ரூஃபஸ் என்ற இன்ஸ்டால் பென் டிரைவ் தயாரிக்கும் மென்பொருளை வைத்து அந்தச் சோதனையைத் தாண்டிப் போடலாம் என்று மச்சான் சொன்னான், போட்டும் காட்டினான், ஓடத்தான் செய்தது. ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. வீட்டில் விளையாட என்றால் சரி, கடைக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். காரிமங்கலத்தில் ஒரு நண்பரிடம் இன்னும் பழைய கோர் 2 டுவோ பிராசசர் மெஷின் இருக்கிறது, அதில் விண்டோஸ் 11-இன் 24எச்2 வெர்ஷன் தொடங்கவே செய்யாது, அது கேட்கும் கட்டளைகள் அந்தப் பிராசசரில் கிடையாது.

2024-இல் லினக்ஸ் மின்ட் 22 (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓஎஸ்), அதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ வகை போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தது, அதில் போட்டேன். போடும்போது விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றிவிட்டேன், கை தவறி அழித்துவிடக்கூடாதே என்று. அதனால் எது வேண்டுமோ அதை ஆன் செய்தவுடன் வரும் பயாஸ் பூட் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓடினாலும் விண்டோஸ் 10 அதில் பட்ட பாட்டை இது படவில்லை.

முதல் வாரம் ஒரு வேடிக்கை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும். ஒரு வரிக் கட்டளையில் சரியாகிவிட்டது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் (மெஷினை முழுசாக அணைக்காமல் வைத்து, அடுத்த தடவை சீக்கிரம் தொடங்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை லினக்ஸில் படிக்கலாம், எழுத முடியாது.

தமிழ் பற்றித்தான் பயந்தேன், அது சுலபமாகப் போய்விட்டது. லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்ஸில் தமிழ்99 இருக்கிறது, விண்டோஸில் என்எச்எம் ரைட்டரில் அடித்த அதே விசைப்பலகை, விரல் எதையும் மறக்க வேண்டியதில்லை. பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்த வேர்டு ஃபைல்கள் முதலில் கிறுக்கலாகத் தெரிந்தன. அந்த ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை, ஃபான்ட் ஃபைலைக் காப்பி செய்து போட்டதும் லிப்ரே ஆஃபீஸில் தமிழாகிவிட்டன. மடங்காதது பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்). என் பாதிச் சம்பாத்தியம் பேஜ்மேக்கர் 7-இல்தான், அது லினக்ஸுக்குக் கிடையாது, மாற்று என்று சொல்லப்படும் எதுவும் என் பழைய ஃபைலை ஒழுங்காகத் திறக்கவில்லை. பிரிண்டரும் அப்படித்தான். புதிதாக வாங்கிய வைஃபை இங்க் டேங்க் பிரிண்டரை மின்ட் டிரைவர் கேட்காமலே கண்டுபிடித்துக்கொண்டது, பழைய லேசர் பிரிண்டரோடு நாலு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டித் தோற்றேன்.

ஆகவே இப்போது வேலையைப் பிரித்துவிட்டேன். விண்ணப்பம், வாட்ஸப்பில் வரும் ஃபைல், பணம் கட்டுவது எல்லாம் மின்ட்டில், அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள், நான் பதியவில்லை. விண்டோஸ் பக்கம் நெட்டையே அணைத்துவிட்டு, பேஜ்மேக்கருக்கும் லேசர் பிரிண்டுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

கடையில் வேலை பார்க்கும் பெண் முதல் நாள், "அண்ணா, ஸ்டார்ட் பட்டனே காணோம்" என்றாள். கீழே இடது மூலையில்தான் இருந்தது, நிறம்தான் வேறு. இப்போது விண்டோஸுக்கு மாற வேண்டுமென்றால் அவளுக்குத்தான் சலிப்பு, நோட்டீஸ் வேலைகளைச் சேர்த்துவைத்து மத்தியானத்தில் ஒரே மூச்சாக முடித்துவிடுகிறாள். யுபிஎஸ் பேட்டரி மட்டும் இன்னும் மாற்றவில்லை.