ஓலையா, களிமண்ணா, கயிறா? நெல்லைக் குருளையருக்கு எது பொருந்தும்

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சாரணர் கூட்டத்தில் குருளையர் (பையன்கள்), நீலப்பறவையர் (பெண்பிள்ளைகள்) என்று பிரித்து வைத்திருக்கிறோம். 1916-ல் பேடன் பவல் சின்னப் பையன்களுக்கென்று குருளையர் பிரிவைத் தொடங்கியபோது, அவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்தார். அந்த ஆறு பேருக்கும் கை நிறைய வேலை இருந்தால் கூட்டம் நன்றாக நடக்கும். இல்லையென்றால் பத்தே நிமிடத்தில் ஓடிப்பிடித்து விளையாடப் போய்விடுவார்கள். என்ன வேலை கொடுப்பது என்பதில்தான் கேள்வியே.

நான் ஒரு கைவேலையை எடைபோடுவது ஒரு விஷயத்தை வைத்து: சரியாக வந்ததா இல்லையா என்பதை அந்தப் பொருளே பிள்ளைக்குச் சொல்லிவிடுமா, இல்லை நாம் பக்கத்தில் நின்று “நல்லாருக்கு” என்று சொல்ல வேண்டுமா? தெர்மாகோல், சார்ட், மினுமினுப்புப் பொடி எல்லாம் இரண்டாவது வகை. பாதி வேலையை அம்மா செய்திருப்பார், மீதியைக் கடை செய்திருக்கும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பனை ஓலை முதல் வகை. காத்தாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கீற்றுகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தால் நான்கு கை வரும். நடுவில் ஓர் உடைமுள்ளைக் குத்தி, குச்சியில் செருகிக்கொண்டு ஓட வேண்டியதுதான். துளை இறுகிப்போனால் சுற்றாது. ஒரு கை நீண்டுவிட்டால் தள்ளாடும். ஏன் சுற்றவில்லை என்று பிள்ளையே திருப்பித் திருப்பிப் பார்த்து, முள்ளைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஓடிப் பார்க்கும். பாடம் அந்த இடத்தில்தான் நடக்கிறது. மாஸ்டர் வாயே திறக்க வேண்டாம்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் பட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். பதநீர் குடிக்க மடக்குகிறோமே, அதே ஓலைப் பட்டை. தண்ணீர் ஊற்றினால் ஒழுகுகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். கோடையில் பதநீரையே ஊற்றிக் குடிக்கலாம். கூடவே, நோண்டித் தின்ற நுங்குக்காய் இரண்டை ஒரு குச்சியில் இணைத்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டியும் தயார். கார்த்திகை வந்தால் ஓலைக்கொழுக்கட்டை இருக்கிறது. ஓலையை அளவாக நறுக்கித் துடைத்து, மாவை உள்ளே வைத்துக் கட்டுவது வரை பிள்ளைகள் செய்யலாம். அடுப்பு மட்டும் பெரியவர்களிடம் இருக்கட்டும்.

ஓலையில் ஆபத்தும் உண்டு. மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும். அதனால் மட்டையோடு பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. ஈர்க்கு எடுத்து, கீற்றாகக் கிழித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனால் மடிக்கும்போது உடையாது. முதல் முறை மடக்குகிற விரல்களுக்குக் குருத்தோலைதான் இதம். ஓலைக்கு எங்கே போவது என்று பாளையங்கோட்டைக்காரர்கள் கேட்கலாம். சாலையோரம் நுங்கு வெட்டுகிறவரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். நுங்கை ஓலையில் கட்டிக் கொடுக்கிறவரிடம் ஓலைக்குப் பஞ்சம் இருக்காது.

களிமண் பிள்ளைகளுக்கு ஓலையைவிடப் பிடிக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓலை மடிப்பு கை வராது. களிமண் உருண்டையைக் கட்டைவிரலால் குழித்தால் அதற்குள் ஒரு சட்டி வந்துவிடும். ஆனால் ஒரே கூட்டத்தில் முடியாது. நிழலில் நாள்கணக்கில் காய வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். சுடாத சட்டியில் தண்ணீர் ஊற்றினால் கரைந்துபோகும், பிள்ளை முகம் வாடும். அதனால் களிமண்ணைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவதைவிட, கூட்டத்தைக் களிமண்ணிடம் கூட்டிப்போவது மேல் என்பது என் எண்ணம். செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் ஏறினால் காருகுறிச்சி. அங்கே சக்கரம் சுற்றுகிற வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே போதும், நடுவிரல் அசைவில் பானையின் கழுத்து எப்படி எழுகிறது என்று பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். பத்தமடைப் பாயும் அப்படித்தான். பார்க்கக் கூட்டிப்போகலாம், நெய்யச் சொல்ல முடியாது. அந்தக் கோரை நுணுக்கம் இந்த வயசுக்கு இல்லை.

முடிச்சு சாரணர் பாடத்திலேயே இருக்கிறது, விட முடியாது. தேங்காய்நார்க் கயிறு சின்னக் கையைக் குத்தும், விரல் தடிமனில் பருத்திக் கயிறு நல்லது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை வெள்ளை என்று சாயம் தோய்த்துக் கொடுங்கள். வலதை இடது மேல் போட்டு, அப்புறம் இடதை வலது மேல் போட்டால் ரீஃப் முடிச்சு. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவுகிற முடிச்சு. இரண்டு பிள்ளைகள் இரு பக்கம் பிடித்து இழுத்தாலே எது எது என்று தெரிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் கயிறு ஓலைக்குச் சமம். ஆனால் எதையாவது கட்ட வேண்டிய தேவை இருக்க வேண்டும். பறவைக்குத் தண்ணீர் வைக்கும் சட்டியைக் கிளையில் தொங்கவிடச் சொல்லிப் பாருங்கள். அதே முடிச்சைப் பிள்ளைகள் அக்கறையோடு போடுவார்கள்.

விதைப்பந்து இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. உருட்டுவது குதூகலம்தான், எறிவதும்தான். அதற்கப்புறம் அந்த இடத்துக்கு யார் திரும்பிப் போகிறார்கள்? நான் பனங்கொட்டையையே சொல்வேன். ஆடி, ஆவணியில் பழம் விழும். பொறுக்கிவந்து புரட்டாசி வாக்கில் பாத்தி கட்டிப் புதைத்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கலாம். தான் புதைத்த கொட்டையின் கிழங்கைத் தானே அவித்துத் தின்கிற பிள்ளை அடுத்த வருஷம் நாம் சொல்லாமலே கொட்டை பொறுக்கும். பாதியைக் கிழங்குக்கு எடுத்துவிட்டு, மீதியைக் குளத்தங்கரையில் நட்டுவைக்கலாம், ஊராரிடம் கேட்டுக்கொண்டு.

கடைசியாக, வெளியே போகிற நாள். ஆற்றுக்குத்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். குறுக்குத்துறையானாலும் சரி, மேலே பாபநாசமானாலும் சரி, இந்த வயதில் இருபது பேரைத் தாமிரபரணிக் கரையில் மேய்க்க நான் சம்மதிக்க மாட்டேன். குளம் போதும். டவுனுக்குள்ளேயே நயினார்குளம் இருக்கிறது. ஒரு முழுநாள் கிடைத்தால் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு பெரியவை. ஊருக்குள் இருக்கிற மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாது என்று வெடி வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. போகும் வழியிலேயே இதைச் சொல்லிவிட்டால், விசிலைப் பிள்ளைகளே பைக்குள் போட்டுக்கொள்வார்கள். குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷம் பறவையும் குறைவு. அதனால் வண்டி பேசுவதற்கு முன் அந்த ஊரில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.