சாம்பல்தீவு வீட்டுக்கு மேசன் தேடியதும் கிடைத்ததும்

அம்மாவின் வீடு சாம்பல்தீவில், பாலம் தாண்டிக் கொஞ்சம் உள்ளே. திருகோணமலை டவுனில் இருந்து உப்புவெளியைக் கடந்தால் வந்துவிடலாம், ஆனாலும் ஒரு சின்ன வேலைக்கு டவுனில் இருந்து ஆள் வரவைப்பது லேசில்லை. ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு தூரமா என்பார்கள், வந்தாலும் பாதியில் நிற்கும்.

முந்தின வருடம் சமையலறைப் பின்சுவரைப் பூசுவதற்கு டவுனில் ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தோம். முற்பணம் வாங்கினார், இரண்டு பொடியன்களை அனுப்பினார், இரண்டே நாளில் பூசிப் பெயின்றும் அடித்து முடித்துவிட்டார்கள். மார்கழி வாடைக்குள் சுவர் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துப் பெயின்ற் உரிந்து விழுந்தது. கேட்டால், "மாரிதானே, காய்ந்தால் சரியாகிவிடும்" என்றார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

இந்தமுறை ஊருக்குள்ளேயே தேடினேன். கிராம சேவையாளர் இரண்டு பேரைச் சொன்னார், அதில் ஒருவர் கத்தாருக்குப் போய்விட்டார், மற்றவர் வயல் வேலையில். கடைசியில் கைகொடுத்தது நிலாவெளி வீதியில் சீமெந்து வாங்கும் ஹாட்வெயார் கடைதான். யார் நல்ல மேசன் என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லாரும் நல்லவர்தான் என்பார்கள். மிஞ்சின சீமெந்துப் பையை வீட்டுக்காரரின் கணக்கில் திருப்பிக் கொடுக்கிறவர் யார் என்று கேளுங்கள். முதலாளி யோசிக்காமல் ஒரே ஒருவரைத்தான் சொன்னார்.

நிலாவெளிப் பக்கத்து நானா அவர். மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் மருமகன் கையாளாக. சுவரைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார், உதிர்ந்ததில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார். "தங்கச்சி, இதுல கடற்கரை மண் கலந்திருக்கு" என்றார். மண்ணில் இருக்கிற உப்பு ஈரத்தை இழுக்கும், காயும்போது மணியாகி உள்ளிருந்து பூச்சைத் தள்ளும், மேலே எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும் நிற்காது என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். ஒருவர் வேலை தொடங்க முதல் காரணத்தைச் சொன்னது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

மூன்றடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கல் தெரியக் கொத்தி எடுத்தார். நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு நாலு நாள் காயவிட்டார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர் என்பதால் சீமெந்து குழைக்கப் பைப் தண்ணீர்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். மணல் கிண்ணியாப் பக்கமிருந்து வந்த மகாவலி மணல், அரைக் கியூப். அதையும் ஒரு பிடி போத்தலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, சேறு எவ்வளவு அடைகிறது என்று பார்த்த பிறகுதான் இறக்கவிட்டார். ஒன்றுக்கு ஐந்து கலவை. பூசி முடித்து 7 நாள் காலையும் மாலையும் நனைக்கச் சொன்னார், அம்மா ஒரு நேரமும் தவறவிடவில்லை. ஒரு மாரி முழுக்க அடித்து ஓய்ந்துவிட்டது, சுவரில் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது.

குறையும் சொல்ல வேண்டும். திங்கள் வருகிறேன் என்றவர் புதன்தான் வந்தார். கணக்கு எழுதித் தரமாட்டார், நாட்கூலிதான், அதனால் எத்தனை நாள் என்பதை முன்னமே பேசி வையுங்கள். வெள்ளி நண்பகல் ஜும்ஆவுக்குப் போவார், அன்றைக்கு அரைநாள் என்றே கணக்குப் போடுங்கள். பங்குனி சித்திரையில் அவரைத் தேட வேண்டாம், உல்லாசப் பயணிகள் வரும் காலத்துக்கு முன்னால் நிலாவெளி ஹோட்டல்கள் எல்லா மேசன்மாரையும் எடுத்துவிடும். ஆவணி புரட்டாசியில், மழைக்கு முதல் பிடிப்பது நல்லது.

கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்காமல் கிடந்தபோது பைப் வேலைக்காரர் ஒருவரையும் அவரே கூட்டி வந்தார். புது மோட்டார் வாங்க வேண்டி வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். கிணற்றுக்குள் பைப்பின் அடி நுனியில் இருந்த புட்வால்வில் மண் சிக்கியிருந்தது, அவ்வளவுதான், ஒரு மணித்தியால வேலை. பைப்பைப் பார்க்கத் தோண்டின குழியை அவர் மூடாமல் போனது மட்டும் அம்மாவுக்குக் கோபம்.

கரண்ட் வேலைக்கு மட்டும் இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை. போன மாதம் வந்த ஒருவர், ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று சொன்னதற்கு, எங்கே கரண்ட் கசிகிறது என்று பார்க்காமல் சுவிட்சையே கழற்றி நேரே இணைப்புக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்து உயிரைக் காப்பதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள், அதுவும் அறுபத்தெட்டு வயது அம்மா ஈரக் கையோடு மோட்டார் போடுகிற வீடு. அன்றிரவே மெயினை நிறுத்தச் சொல்லி, அடுத்த நாள் புது ட்ரிப் சுவிட்ச் வாங்கி டவுனில் இருந்து ஆள் கொண்டுபோய்ப் பூட்டினேன். டெஸ்ட் பட்டனை அமத்தினால் விழுகிறதா என்று இப்போது மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சாம்பல்தீவுக்கும் நிலாவெளிக்கும் இடையில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள வயரிங்காரர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், பின்வளவு லைற் இன்னும் எரியவில்லை.