ரிச்சி தெருவில் உயிர்பெற்ற கணினி

பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு நொடி சுழன்று நின்றுவிடும் நிலையிலிருந்த என் மேசைக் கணினியை, சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடியில் இயங்கும் சிறிய பழுதுநீக்கும் கடைக்குக் கொண்டுசென்றேன். முன்னதாக வேறொரு கடையில், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்று கூறியிருந்தார்கள்.

இங்கிருந்த தொழில்நுட்பர் என் கண்முன்னே ராம் எனப்படும் நினைவக அட்டைகளைக் கழற்றி, அவற்றின் தொடுமுனைகளை அழிப்பானால் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார், பலனில்லை. பிறகு, கணினிக்கு மின்சாரம் வழங்கும் பாகமான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே எடுத்து, 24 முனை இணைப்பியின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்தபோது அதன் விசிறி சுழன்றது. ஆனால், விசிறி சுழல்வது மட்டுமே அது நலமாக இருப்பதற்குச் சான்றாகாது என்று பொறுமையாக விளக்கிய அவர், மின்சாரத்தை இழுக்கும் சுமையை அதில் இணைத்து, மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்தபோது, 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. 5 விழுக்காடு வரையிலான ஏற்றஇறக்கமே ஏற்கத்தக்கது என்பதால், கோளாறு அங்கேயே பிடிபட்டது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியதும் கணினி இயங்கியது.

கழற்றிய பழைய பாகத்தை நான் கேட்காமலே திருப்பித் தந்தார்கள். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். கடையில் நிற்பதற்குக்கூட இடமில்லை என்பதால், காலையிலேயே செல்வது நல்லது.