ஒன்லைன் நர்சிங் டிப்ளோமா: 185,000 ரூபா போய்விட்டது, சேர முதல் இதை வாசியுங்கள்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 185,000 ரூபா. அம்மாவின் இரண்டு காப்பும் அடகில்.

வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில், ஒரு மேல்மாடியில் இருக்கிற தனியார் கல்வி நிலையம். பெயர் போட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒன்றரை வருட நர்சிங் டிப்ளோமா, பாடம் முழுக்க சூமில், கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரி வோர்டில் பயிற்சி என்றார்கள். ஒன்லைனில் நர்சிங்கா என்று அப்பா இழுத்ததும், "நாவலையில் திறந்த பல்கலைக்கழகமே தொலைக்கல்வியில் நர்சிங் டிகிரி குடுக்குதே அங்கிள்" என்றார் அங்கிருந்த மிஸ். அது ஏற்கனவே தாதியாகப் பதிந்தவர்களுக்கான டிகிரி என்பது எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்புறம் அம்மாவுக்கு பிரஷர் பார்த்தார். காற்றை மெதுவாக விட்டுக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, "கேக்குதா மகள்? டக் டக் என்று தொடங்குற இடம் மேல் நம்பர், சத்தம் நிக்கிற இடம் கீழ் நம்பர்" என்றார். கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் விழுந்தேன். அடுத்த கிழமையே அம்மா காப்பைக் கழற்றினார். பதினெட்டு மாதத்தில் நான் ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டது அந்த ஒரு நாள்தான்.

வகுப்பென்றால் பழைய ரெக்கோடிங்கை ஓடவிட்டு எல்லோரையும் மியூட்டில் போடுவது. ஊசி பழகத் தோடம்பழம் வாங்கச் சொன்னார்கள். தசைக்கு 90 பாகை, தோலுக்குக் கீழே 45 பாகை என்று குத்தி வீடியோ அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் வந்தது. தோடம்பழம் நோகுது என்று சொல்லவா போகிறது? வோர்ட் பயிற்சியை மூன்று தரம் தள்ளி, கடைசியில் சான்றிதழை பிடிஎஃப்பாக அனுப்பினார்கள்.

இன்று காலை அதோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நேர்முகத்துக்குப் போனேன். சிஸ்டர் பிரஷர் கஃபை நீட்ட, டியூப் தோள் பக்கம் போகத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "பிள்ளை, இதை வைத்துத் தாதியாகப் பதிய ஏலாது" என்றார்.

அங்கிருந்து நேரே அந்த இடத்துக்குத்தான் போனேன். மிஸ் மீட்டிங்கில். சேர் வெளிநாட்டில். வட்ஸ்அப்பில் நீலச் சரி இரண்டு விழுந்தது, பதில் இல்லை. முன்மேசைத் தம்பி என் விண்ணப்பத்தையே எடுத்துக் காட்டினான்: கட்டிய காசு திருப்பித் தரப்படமாட்டாது, கீழே என் கையெழுத்து. வோர்ட் பயிற்சி பற்றி ஒரு வரியும் இல்லை. "டிப்ளோமா என்றுதானே அக்கா சொன்னோம், நர்ஸ் ஆக்குறோம் என்று சொல்லேல்லையே." 185,000 ரூபா வாங்கிக்கொண்டு!

விளக்கமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் படிப்பிக்கிற இடம் மட்டுமல்ல, அந்தக் கோர்ஸும் பதிவா என்று பாருங்கள். பராமரிப்பாளர் கோர்ஸ் வேறு, தாதிப் பயிற்சி வேறு. வோர்ட் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எந்த மாதம் என்று எழுத்தில் வாங்காமல் காசு கட்டாதீர்கள். நாளைக்கு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு கோல் எடுக்கப் போகிறேன், இதே மாடியில் காசு கட்டியவர்கள் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், ரிசீட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.