ஸ்காலரா, டிபிஎல்பியா, ஸ்கோபஸா: ஒரு விஷன் ஆய்வாளரை எதில் படிப்பது?

கம்ப்யூட்டர் விஷன் (படங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் துறை), கிராஃபிக்ஸில் பிஎச்.டி. வழிகாட்டி தேடும் மாணவர்கள் முதலில் திறப்பது ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றை மேற்கோள் காட்டியவர்களையும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி நேர்காணலிலோ "ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை?" என்பார்கள்; ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் ஏறிய கட்டுரைகளைத்தான் கேட்கிறார்கள். இந்தத் துறையைப் பொறுத்தவரை இரண்டையும்விட டிபிஎல்பி என்ற கணினி அறிவியல் கட்டுரைப் பட்டியலில் தொடங்குவதே சரி என்பேன்.

இரு துறையிலும் ஆழமாக வேலை செய்த ரவி ராமமூர்த்தியையே எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகப் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, 2001இல் சிக்ராஃப் என்ற கிராஃபிக்ஸ் மாநாட்டில் பேட் ஹான்ரஹனுடன் ஒரு கட்டுரை எழுதினார். சுற்றிலுமிருந்து வரும் ஒளி ஒரு பளபளப்பில்லாத பரப்பின்மேல் எப்படி விழும் என்பதை வெறும் 9 எண்களால் சொல்லிவிடலாம், சராசரிப் பிழை 1 விழுக்காடுதான் என்று காட்டிய கட்டுரை. 2020இல் இசிசிவி என்ற விஷன் மாநாட்டில் வந்த நெர்ஃப் கட்டுரையின் ஆறு ஆசிரியர்களில் இவர் ஐந்தாமவர். சில புகைப்படங்களைக் கொண்டு ஒரு காட்சியைப் புதிய கோணத்தில் வரையும் முறை அது.

ஸ்காலர் மேற்கோள் எண்ணிக்கை வரிசையில் அடுக்குவதால் நெர்ஃப் உச்சியில் நிற்கும், 2001 கட்டுரை அதற்கு வெகு கீழே போய்விடும். பயன்பாட்டை வைத்துப் பார்த்தால் இது பெரிய அநியாயம். யூனிட்டி போன்ற கேம் எஞ்சின்களில், ஓர் இடத்துக்கு வரும் ஒளியைப் பதிந்துவைக்கும் லைட் புரோப் என்பது இதே 9 எண்களை மூன்று அடிப்படை நிறங்களில் நிறத்துக்கு ஒரு தொகுதியாக, மொத்தம் 27 ஆகச் சேமிப்பதுதான். ஆனால் கேம் எழுதும் பொறியாளர் கட்டுரை எழுதுவதில்லை. அவருடைய பயன்பாடு எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது. கிராஃபிக்ஸ்காரர்களின் எண்கள் விஷன்காரர்களைவிடச் சிறிதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். துறையின் அளவு இன்னொன்று: 2024இல் சிவிபிஆர் என்ற விஷன் மாநாடு ஒன்றே 2,719 கட்டுரைகளை ஏற்றது. அத்தனை பேரும் முந்தைய வேலையை மேற்கோள் காட்டும்போது எண் ஊதத்தானே செய்யும்? ஸ்காலர் காட்டும் ஹெச்-இன்டெக்ஸை (20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 என்று பொருள்) 2005இல் முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். துறைக்குத் துறை இந்த எண்ணின் அளவு மாறும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆகவே ஒரு கிராஃபிக்ஸ் பேராசிரியரையும் ஒரு விஷன் பேராசிரியரையும் ஸ்காலர் எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது.

டிபிஎல்பி 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யாரையும் மேற்கோளால் வரிசைப்படுத்தாமல், ஆண்டுவாரியாக, எங்கே யாரோடு வெளியிட்டார் என்று மட்டும் காட்டும். ஒரே பெயர்க்காரர்களை 0001, 0002 என்று பிரித்துவைக்கும். இனிஷியலும் பொதுப் பெயருமாக இருக்கும் நம்மவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்காலரிலோ பிறர் கட்டுரை தானாகவே நம் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் வரிகளை எண்ணாதீர்கள். நெர்ஃப் அங்கே ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் வந்த முன்வரைவு (மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவம்), 2020 மாநாடு, 2022இல் சிஏசிஎம் இதழ் என மூன்று முறை வரும். ஆய்விதழ் சிவப்பு, மாநாடு நீலம், முன்வரைவு சாம்பல். நிறத்தைப் பார்த்தால் குழப்பமில்லை. முதல் ஆசிரியராக இருந்தவர் எப்போது மாணவர்களை முன்னே நிறுத்திப் பின்னுக்குப் போனார் என்பதும் இங்கேதான் தெளிவாகத் தெரியும். வழிகாட்டி தேடுகிறவருக்கு ஹெச்-இன்டெக்ஸைவிட இது பெரிய செய்தி.

ஸ்கோபஸை 2004இல் எல்செவியர் பதிப்பகம் தொடங்கியது. இந்தத் துறையில் அதன் பலவீனம் முன்வரைவுகள். படத்திலுள்ள பொருள்களைக் கண்டறியும் முறையான யோலோ-வி3, 2018இல் வந்து ஆர்க்கைவோடு நின்றுவிட்டது. உலகமே பயன்படுத்திய அந்தக் கட்டுரைக்கு ஸ்கோபஸ் கணக்கில் மதிப்பில்லை. இதைவிடத் தொல்லை, 'ஜர்னலா, கான்ஃபரன்ஸா' என்று பிரித்து மதிப்பெண் போடும் பழக்கம். சிக்ராஃப் கட்டுரைகள் 2002 முதல் ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கத்தின் டாக் (TOG) ஆய்விதழில் அச்சாகின்றன. 2022 முதல் ஆய்விதழ், மாநாடு என இரு தடங்கள். சிவிபிஆர் என்றுமே மாநாடுதான். தரத்தில் சமமான இரு வேலைகளில் ஒன்று ஜர்னலாகவும் மற்றது வெறும் கான்ஃபரன்ஸாகவும் நியமனக் குழுவின் மேசைக்குப் போகும். படிவம் கேட்டால் ஸ்கோபஸ் எண்ணைக் கொடுங்கள். அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

டிபிஎல்பியில் நான்கைந்து கட்டுரைகளைத் தேர்ந்தபின் ஸ்காலருக்குப் போங்கள். அங்கே மொத்த எண்ணை விட்டுவிட்டு, அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறங்கள். முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகச் சொல்லியிருக்கிறார்களா, இல்லை அந்த முறையின் மேலேயே தங்கள் வேலையைக் கட்டியிருக்கிறார்களா என்பது நாலு கட்டுரைகளைப் புரட்டினாலே தெரியும்.