பங்கருக்குள் பாலிமர் சரளை: சிங்கப்பூர் மழைக்குத் தாங்குமா?

கோல்ஃப் பங்கர்களில், அதாவது மணல் குழிகளில், மணலுக்கு அடியில் போடும் துணி விரிப்புக்குப் பதிலாக வந்திருக்கும் பாலிமர் சரளை அடித்தளம் (பாலிமர் தெளித்து ஒட்டவைத்த சரளை), செலவு கூடினாலும் இங்குள்ள மழைக்கு ஏற்றது. துணியின் கண்களைக் களிமண் துகள் அடைத்துவிடும். சரிவில் மணல் இறங்கியதும், மணலைச் சமன்செய்யும் ரேக் துணியைக் கிழிக்கும். அதன்பின் ஒட்டுப்போடுவதே வேலையாகிவிடும்.

பழைய மணலை முழுக்க அள்ளி, தரையை இறுக்கி, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, 100 மில்லிமீட்டர் துளைக்குழாயை 1 சதவீதத்துக்குக் குறையாத சாய்வில் பதிக்க வேண்டும். அதன்மேல் 50 மில்லிமீட்டர் கனத்துக்குக் கழுவிய சரளை. ‘கழுவியது’ என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் உள்ளங்கையில் சேறு ஒட்டக்கூடாது. ஒட்டினால் பாலிமர் பிடிக்காது. கல் பொலபொலவென்று உதிர்ந்து மணலில் கலக்கும், ஆட வருபவரின் கோல்ஃப் மட்டையைப் பதம் பார்க்கும்.

பெரிய குறை, சரளைமேல் பாலிமரைத் தெளிக்கும்போது கல் காய்ந்திருக்க வேண்டும் என்பது. இறுகும்வரை மழையும் படக்கூடாது. டிசம்பர் பருவமழையில் இதைத் தொடங்குவது வீண் வம்பு.

மேலே போடும் மணலின் கனம் குழியின் தரையில் 100 முதல் 150 மில்லிமீட்டர், சரிவில் 50 முதல் 75 போதும். உருண்டை மணல் சரிவில் நிற்காது, கோணமான மணலே வேண்டும். குழாயின் மேல்முனையில் குழாயை நீர்விட்டுக் கழுவ மூடியுள்ள வாய் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பல குத்தகையாளர்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். வேலை நடக்கையில் சேற்றுநீரைப் பொதுக் கால்வாயில் விடக்கூடாது: பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் மிதக்கும் துகள்.